அட்டைப் பெட்டியில் நசுங்கிப்போன வைக்கோல் சிலந்தி: உக்ரைன் வீட்டு அலங்காரம் தெரிந்தவர்கள் உதவுங்கள்

தில்லை (திருச்சி) · டிசம்பர் 2, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வீடு மாற்றும்போது பரணிலிருந்து ஓர் அட்டைப் பெட்டி இறங்கியது. 2017இல் மருத்துவப் படிப்பை முடித்துவிட்டு இவானோ-ஃபிரான்கிவ்ஸ்க்கிலிருந்து ஊர் திரும்பியபோது மடியிலேயே வைத்துக் கொண்டுவந்த பெட்டி. உள்ளே ஒரு பவூக். உக்ரைன் மொழியில் பவூக் என்றால் சிலந்தி. வைக்கோல் துண்டுகளை நூலில் கோத்து, கூண்டு கூண்டாகக் கட்டி, உத்தரத்தில் தொங்கவிடுவார்கள். பரணில் அந்தப் பெட்டியின் மேல் ஏதோ கனமான சாமானை வைத்திருக்கிறார்கள். கீழ்ப்பாதி நொறுங்கிவிட்டது. திறந்து பார்த்ததும் அழுதுவிட்டேன்.

அது எங்கே தொங்கியது என்று சொன்னால்தான் நான் ஏன் பதறுகிறேன் என்று புரியும்.

கொலோமியா பக்கம் ஒரு கிராமம். நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கார அம்மாவின் தாய் வீடு. அந்தப் பாட்டியை எல்லாரும் பாபுசியா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிடுவேன். 2014 ஜனவரி 6. ஸ்வியாத் வேச்சிர், அதாவது புனித மாலை, கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலை. பகல் முழுக்க யாரும் சாப்பிடவில்லை. வானத்தில் முதல் நட்சத்திரம் தெரிய வேண்டும். பிள்ளைகளோடு நானும் பனியில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

நட்சத்திரம் தெரிந்ததும் பாட்டியின் மூத்த மகன் கொட்டகையிலிருந்து ஒரு கதிர்க்கட்டைத் தூக்கி வந்தார். கோதுமை, ரை, ஓட்ஸ் மூன்றும் சேர்ந்த கட்டு. நடுவில் பூவேலை செய்த ருஷ்னிக் துண்டால் கட்டியிருந்தது. வாசலிலேயே நின்று, "கடவுள் ஆரோக்கியம் தரட்டும்" என்றார். உள்ளேயிருந்து பாட்டி, "கடவுள் துணை. என்ன கொண்டுவருகிறாய்?" என்று கேட்டார். "பொன். ஆண்டு முழுக்க நாம் வளமாக வாழ." அப்புறம்தான் உள்ளே வந்தார்.

அந்தக் கட்டின் பெயர் திதூக் ('தினம்' என்பதில் வருகிற தி). தித் என்றால் தாத்தா, முன்னோர். அதைச் சாமிபடங்கள் இருக்கிற மூலையில் நிறுத்தினார்கள். அந்த மூலைக்குப் பெயர் பொக்குத்தியா. கொலோமியா வட்டாரத்துக்கும் பழைய பெயர் பொக்குத்தியாதான் என்பதை பாபுசியா பெருமையாகச் சொல்வார். பக்கத்திலேயே வைக்கோல் மெத்தையில் குத்தியா பானை. குத்தியா என்பது வேகவைத்த கோதுமையில் தேனும் கசகசாவும் கொட்டைகளும் சேர்த்தது.

தரையெல்லாம் வைக்கோல். மேசை விரிப்புக்கு அடியில் காய்ந்த புல், நான்கு மூலையிலும் ஒவ்வொரு பூண்டுப்பல். மேசைக்குக் கீழே ஒரு கோடரி. சாப்பிடும்போது அதன்மேல் கால் வைத்தால் இரும்பின் உறுதி உடம்புக்கு வரும் என்றார்கள். குழந்தைகள் மேசைக்கு அடியில் புகுந்து கோழி மாதிரிக் கொக்கரித்தார்கள், அந்த ஆண்டு கோழிகள் நிறைய முட்டையிட வேண்டுமாம். யாருக்கும் இல்லாத ஒரு தட்டும் மேசையில் இருந்தது, இறந்தவர்களுக்காக.

எல்லாவற்றுக்கும் மேலே பவூக். கதவு சாத்தியிருந்தது, காற்று இல்லை. ஆனாலும் அது மெல்லச் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுப்புச் சூடு மேலே ஏறுகிறது, நாம் மூச்சு விடுகிறோம், அதற்கு அதுவே போதும் என்றார் பாட்டி. உட்காரும் முன் பலகையை ஒரு முறை ஊதிவிட்டு உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் அவர்களை நசுக்கிவிடக் கூடாதே என்று.

ஊருக்குக் கிளம்பும்போது உத்தரத்தில் தொங்கிய பவூக்கைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் இப்போது நசுங்கியிருப்பது. சரிசெய்ய வழி உண்டா?

பனிக்காலம் (கோவை) · டிசம்பர் 2, இரவு 11.15

தில்லை, படித்ததும் குளிரே வந்துவிட்டது. நான் 2008 முதல் 2014 வரை கிழக்கே கார்கிவில் படித்தேன். ஒன்று சொல்ல வேண்டும், தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் பார்த்தது மேற்கு உக்ரைன். ஆறு குளிர்காலங்களில் ஒரு திதூக்கைக்கூட நான் பார்த்ததில்லை. பவூக் என்ற சொல்லையே இன்றுதான் கேள்விப்படுகிறேன்.

நான் பார்த்தது யலின்கா. அதுதான் அவர்கள் புத்தாண்டு மரத்துக்குச் சொல்லும் பெயர். டிசம்பர் 31 ராத்திரிதான் பெரிய கொண்டாட்டம். என் அறைத்தோழன் வீட்டில் அலமாரி மேலிருந்து ஒரு பெட்டியை இறக்குவார்கள். ஒவ்வொரு கண்ணாடிப் பொம்மையும் பழைய செய்தித்தாளில் சுற்றியிருக்கும். மரக்கிளையில் கிளிப் போட்டு நிறுத்துகிற பொம்மைகள். விண்வெளி வீரர், மக்காச்சோளக் கதிர், வெள்ளரிக்காய். பஞ்சில் செய்த பனித்தாத்தா ஒன்று, அது அவனுடைய பாட்டி சின்னப் பெண்ணாக இருந்தபோது வாங்கியது. கடைசியில் கிளையெல்லாம் வெள்ளி ஜரிகைத் தாள் தொங்கவிடுவார்கள். அதற்கு 'தோஷ்சிக்' என்று பெயர், குட்டி மழை. அறை முழுக்க ஆரஞ்சுத் தோல் வாசம். அந்த வீட்டுக்கு அதுதான் பாரம்பரியம். வைக்கோலை மட்டும் உண்மையான உக்ரைன் மரபு என்று சொன்னால், அந்தப் பெட்டியை இத்தனை காலம் பத்திரமாகக் காப்பாற்றியவர்களுக்கு அது நியாயமாக இருக்காது.

சுப்பையா வாத்தியார் (மதுரை) · டிசம்பர் 3, காலை 6.05

பனிக்காலம் தம்பி, நீங்கள் பார்த்ததில் பொய் இல்லை. ஆனால் திதூக் மேற்குக்கு மட்டும் உரியது என்பதை ஏற்க முடியவில்லை. பள்ளியில் வரலாறு சொல்லிக் கொடுத்தவன், ஐரோப்பிய நாட்டுப்புற வழக்கங்களை நிறையப் படித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

பாவ்லோ சுபின்ஸ்கி 1869, 1870 ஆண்டுகளில் ஆட்களோடு ஊர் ஊராகப் போய் வழக்கங்களை எழுதி எடுத்தார். அது 1872 முதல் 1878 வரை ஏழு தொகுதிகளாக வந்தது. உக்ரைனின் தேசிய கீதத்துக்கு 1862இல் சொல் எழுதியவரும் இவரே. அவர் சுற்றிய பகுதிகளில் பெரும்பாலானவை அன்றைய ரஷ்யப் பேரரசின் கீழ் இருந்தவை, இன்றைய மேற்கு மாவட்டங்கள் மட்டும் அல்ல. உங்கள் கார்கிவ் பல்கலைக்கழகத்திலேயே மிகோலா சும்ட்சோவ் என்ற பேராசிரியர் இருந்தார். சடங்குகளில் ரொட்டியின் இடம் பற்றியே 1885இல் ஒரு நூல் எழுதியவர். அந்த மண்ணில் வழக்கம் இல்லாமல் இல்லை.

பிறகு ஏன் நீங்கள் பார்க்கவில்லை? மதத்துக்கு எதிரான பிரசாரம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நான் அதோடு நிற்க விரும்பவில்லை. திதூக் செய்ய என்ன வேண்டும்? ஒரு கை கதிர். தாளோடு, மணியோடு, வயலிலிருந்து வீட்டுக்கு வர வேண்டும். 1932 ஆகஸ்ட் 7 அன்று சோவியத் அரசு ஓர் ஆணை போட்டது. கூட்டுப்பண்ணைத் தானியம் அரசுச் சொத்து. அதை எடுத்தால் மரண தண்டனை, கருணை காட்டினால் பத்து ஆண்டுக்குக் குறையாத சிறை. அறுவடை முடிந்த வயலில் சிதறிக் கிடந்த கதிரைப் பொறுக்கியவர்கள்மீதும் அது பாய்ந்தது. மக்கள் அதற்கு 'ஐந்து கதிர்ச் சட்டம்' என்று பெயர் வைத்தார்கள். அடுத்து வந்த குளிர்காலமும் வசந்தமும்தான் ஹொலொதோமோர், பெரும் பஞ்சம். பல லட்சம் பேர் செத்தார்கள். கார்கிவ் வட்டாரமும் கீவ் வட்டாரமும் மிக மோசமாக அடிபட்ட இடங்கள். அன்றைக்கு மேற்குப் பகுதிகள் சோவியத் ஆட்சியில் இல்லை, கலீசியாவும் வோலினும் போலந்தின் கையில் இருந்தன. திதூக் எங்கே தங்கியது, எங்கே மறைந்தது என்பதை வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், எல்லைக்கோடு இதோடு எவ்வளவு பொருந்துகிறது என்று தெரியும். ஒரு கதிரை வீட்டுக்கு எடுத்து வந்தால் சாவு என்ற ஊரில் யார் கதிர்க்கட்டைச் சாமி மூலையில் நிறுத்துவார்கள்?

யலின்காவுக்கு வருகிறேன். மரமும் 1920களின் இறுதியில் தடைபட்டதுதான். 1935 டிசம்பர் 28 அன்று பிராவ்தா நாளிதழில் பாவெல் போஸ்டிஷெவ் என்ற சோவியத் கட்சித் தலைவர் ஒரு கடிதம் எழுதினார், குழந்தைகளுக்குப் புத்தாண்டு மரம் வைக்கலாம் என்று. மரம் திரும்பி வந்தது. ஆனால் கிறிஸ்துமஸ் மரமாக அல்ல, புத்தாண்டு மரமாக. உச்சியில் பெத்லகேம் நட்சத்திரத்துக்குப் பதில் சிவப்பு ஐந்துமுனை நட்சத்திரம். இந்தப் போஸ்டிஷெவ்தான் 1933 ஜனவரியில் தானியக் கொள்முதலை முடுக்கிவிட உக்ரைனுக்கு அனுப்பப்பட்டவர். கதிரைப் பறித்த கையும் மரத்தைக் கொடுத்த கையும் ஒன்று.

உங்கள் அறைத்தோழன் வீட்டுப் பெட்டியை நான் குறைத்துச் சொல்லவில்லை தம்பி. அந்தக் குடும்பத்தின் அன்பு அதில் இருக்கிறது. அந்தப் பெட்டி வைத்திருந்த இடத்தில் அதற்கு முன்பு என்ன இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறேன்.

பனிக்காலம் (கோவை) · டிசம்பர் 3, காலை 8.30

ஐயா, ஐந்து கதிர் விஷயம் எனக்குத் தெரியாது. இப்போது ஒன்று ஞாபகம் வருகிறது. அந்த வீட்டில் அறைத்தோழனின் கொள்ளுப்பாட்டி இருந்தார், தொண்ணூறு வயதுக்கு மேல். சாப்பிட்டு முடிந்ததும் மேசையில் சிந்திய ரொட்டித் துகளையெல்லாம் விரலால் ஒற்றி எடுத்து வாயில் போட்டுக்கொள்வார். வயசானவர்களின் பழக்கம் என்று நினைத்திருந்தேன். ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூட ஏன் என்று கேட்கவில்லை.

கைவேலை மாலா (சேலம்) · டிசம்பர் 3, பகல் 2.20

தில்லை, பவூக் விஷயத்துக்கு வருகிறேன். நான் வைக்கோல் வேலை செய்கிறவள். இந்த வடிவம் எனக்குப் பழக்கம். பின்லாந்தில் இதை ஹிம்மெலி என்பார்கள், லிதுவேனியாவில் சோதாஸ். லிதுவேனியாவின் கலையை யுனெஸ்கோ 2023இல் பட்டியலில் சேர்த்தது.

நீங்கள் சொல்கிற கூண்டு எட்டு முகம் கொண்டது. பன்னிரண்டு துண்டு. நான்கைக் கோத்துச் சதுரம் கட்ட வேண்டும். மேலே நான்கு துண்டு ஒரு முனையில் சேரும், கீழே நான்கு துண்டு இன்னொரு முனையில் சேரும். பெரிய கூண்டுக்குள் பாதி அளவில் ஒரு சின்னக் கூண்டு, மூலைக்கு மூலை இன்னும் சின்னவை. உங்களுடையது இப்படித்தானே? சில ஊர்களில் வேறு மாதிரியும் உண்டு. நடுவில் ஓர் உருண்டை வைத்து, சுற்றிலும் வைக்கோலை முள்ளம்பன்றி போலக் குத்தி, நுனியில் காகிதப் பூ வைப்பார்கள். அது என்றால் சரிசெய்கிற முறையே வேறு.

முதலில் எதையும் இழுக்காதீர்கள். இத்தனை ஆண்டில் நூல் இற்றுப்போயிருக்கும். ஒரு வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் படுக்க வைத்துப் படம் எடுங்கள். எந்தத் துண்டு எங்கே இருந்தது என்று பிறகு தேட வேண்டியிருக்காது.

நசுங்கிய துண்டு எல்லாம் வீண் என்று நினைக்க வேண்டாம். வெடிக்காமல் தட்டையாகிப்போனதை மட்டும் தனியே எடுத்து, இட்லிப் பாத்திரத்து ஆவியில் ஒரு நிமிடம் காட்டுங்கள். இளகியதும் சன்னமான பின்னல் ஊசியை உள்ளே விட்டு உருட்டினால் பெரும்பாலும் உருண்டு வரும். நீளவாக்கில் வெடித்திருந்தால் மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றுக்கு நம் நெல் வைக்கோல் உதவாது. மெலிசு, அழுத்தினால் படுத்துவிடும். ரை தாள் நீளம், உறுதி, உள்ளே வெற்று. அதனால்தான் அவர்கள் அதையே எடுக்கிறார்கள். அதுவும் இயந்திரம் அறுத்த தாள் ஆகாது, நொறுங்கிப் போகும். பயிர் முழுக்கக் காய்வதற்கு முன்பே கையால் அறுத்து, நிழலில் உலர்த்தி, கணுவுக்குக் கணு வெட்டி வைத்துக்கொள்கிறார்கள். இங்கே கோதுமைத் தாளிலேயே செய்த உறிஞ்சுகுழல் விற்கிறார்கள். இணையத்தில் கிடைக்கும். இருப்பதிலேயே மெல்லியதாகப் பொறுக்கி, வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து வெட்டுங்கள். ஊறாமல் வெட்டினால் கீறும். நூல் பருத்தியாகவே இருக்கட்டும், நைலான் வழுக்கும், முடிச்சு நிற்காது.

ஒரு கேள்வி. எத்தனை துண்டு வெடித்திருக்கிறது?

எட்மன்டன் ரவி (கனடா) · டிசம்பர் 4, அதிகாலை 4.10

நல்ல இழை. நான் யாழ்ப்பாணம், இங்கே எட்மன்டனில் கனகாலமாக இருக்கிறேன். எங்கள் தெருவில் பாதிப் பேர் உக்ரைன் வழி வந்தவர்கள். உக்ரைனிலிருந்து கனடாவுக்கு 1891இல் முதலில் வந்த இரண்டு பேர் நெபிலிவ் என்ற கிராமத்தவர்கள். தில்லை, அது உங்கள் இவானோ-ஃபிரான்கிவ்ஸ்க் மாவட்டத்துக்குள்தான் இப்போது இருக்கிறது.

பக்கத்து வீட்டு அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. அவரது பாட்டன் காலத்திலிருந்து இங்கே. உக்ரைன் மொழி கொஞ்சம்தான் மிச்சம், ஆனால் திதூக் மட்டும் ஒரு வருஷமும் தவறியதில்லை. உறவுக்காரரின் பண்ணையில் கோதுமை அறுக்கும் முன் ஒரு மூலையைக் கையால் அறுத்து எடுத்து வைப்பார்கள். அடிப்பகுதியைச் சிறு சிறு கட்டாகப் பிரித்துக் கால் மாதிரி ஊன்றி நிறுத்துவார். காய்ந்த பூக்கள், சிவப்புக் கலீனாப் பழக்குலை, ரிப்பன். சரியான வடிவு. மேசையில் இரண்டு விரிப்புப் போடுவார். ஒன்று இறந்தவர்களுக்கு, ஒன்று இருப்பவர்களுக்கு. நடுவில் கொலாச் என்ற பின்னல் ரொட்டி மூன்று, வளையம் வளையமாக ஒன்றின்மேல் ஒன்று, நடு ஓட்டையில் மெழுகுவர்த்தி.

போன வருஷம் இரவு சாப்பாட்டுக்குக் கூப்பிட்டார். பன்னிரண்டு பதார்த்தம், ஒன்றிலும் இறைச்சி இல்லை, பால் இல்லை. எல்லோரும் எழும்பும்போது நான் உதவியாகப் பாத்திரம் எடுக்கப் போனேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார். குத்தியாவும் கரண்டியும் இரவு முழுக்க மேசையிலேயே இருக்க வேண்டும், அவர்கள் வந்து சாப்பிடுவார்கள் என்றார். என் அம்மா முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு எங்களுடன் வந்து இருந்தவர். அவர் அதைக் கேட்டுவிட்டு ஒன்றும் கதைக்கவில்லை. திரும்பி வரும்போது, "அந்த அம்மா வீட்டுக்கு அடுத்த வருஷமும் போவோம்" என்று மட்டும் சொன்னார்.

சிலந்தி பற்றி அவர் சொன்ன கதை இது. ஓர் ஏழை விதவை. குடிசைத் தரையில் விழுந்த ஊசியிலைக் காயிலிருந்து ஒரு மரம் முளைக்கிறது. பிள்ளைகள் ஆசையாக வளர்க்கிறார்கள். அலங்கரிக்கக் காசு இல்லை. புனித மாலை இரவில் சிலந்திகள் மரம் முழுக்க வலை பின்னிவிடுகின்றன. விடிந்து வெயில் பட்டதும் வலை வெள்ளியும் பொன்னுமாக மாறுகிறது. இந்த வைக்கோல் பவூக் அந்தக் கதையிலிருந்து வந்ததா?

கைவேலை மாலா (சேலம்) · டிசம்பர் 4, காலை 10.45

ரவி அண்ணா, அழகான கதை. ஆனால் நான் இரண்டையும் சேர்க்க மாட்டேன். அந்தக் கதையில் மரம் இருக்கிறது. மரம் வைக்கும் வழக்கம் ஜெர்மன் நகரங்களிலிருந்து 19ஆம் நூற்றாண்டில் பரவியது, கிராமத்துக் குடிசைக்கு இன்னும் பிந்தித்தான் வந்தது. வைக்கோல் பவூக் மரமே இல்லாத வீட்டில் உத்தரத்தில் தொங்கியது. கண்ணாடி மணியும் கம்பியும் வைத்துச் செய்து மரத்தில் மாட்டுகிற குட்டிச் சிலந்தி அந்தக் கதையின் பிள்ளை. இது வேறு குடும்பம்.

தில்லை (திருச்சி) · டிசம்பர் 4, இரவு 10.30

மாலா அக்கா, எண்ணிவிட்டேன். பதினேழு துண்டு வெடித்திருக்கிறது, ஒன்பது தட்டையாகியிருக்கிறது. நீங்கள் சொன்ன கூண்டு வகைதான். குழல் வாங்கச் சொல்லியிருக்கிறேன்.

ரவி அண்ணா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

பாபுசியா வீட்டில் இன்னொன்றும் இருந்தது, அதை யாரும் இங்கே சொல்லவில்லை. வித்தினான்கா. காகிதத்தை மடித்துக் கத்தரித்து எடுக்கிற ஓவியம். ஒரே மடிப்பு, நடுவில் மரம், இரு பக்கமும் எதிரெதிரே பார்க்கிற பறவைகள். சில சன்னலுக்குச் சம்மனசு வரிசை. பென்சிலால் வரைந்துகொள்ளவே மாட்டார். கத்தரி நிற்கும், காகிதம்தான் திரும்பும். மனத்தில் உள்ளதை அப்படியே வெட்டிக்கொண்டு போவார். முடிந்ததும் பாலில் தோய்த்துச் சன்னல் கண்ணாடியில் ஒட்டுவார். பசை வேண்டாமா என்று கேட்டேன். பால் காய்ந்தால் பிடித்துக்கொள்ளும், வசந்தத்தில் ஈரத்துணியால் துடைத்தால் தடமில்லாமல் போய்விடும் என்றார். வெளியே பனி, கண்ணாடியில் உறைபனி போடுகிற கோலம், அதன்மேல் இந்த வெள்ளைக் காகிதம். காலையில் சன்னல் பக்கம் போனால் எது உறைபனி, எது கத்தரி வேலை என்று தெரியாது.

காகிதம் மலிவாகக் கிடைக்கத் தொடங்கிய 19ஆம் நூற்றாண்டில்தான் இது கிராமங்களுக்குப் பரவியதாம். வெள்ளையடித்த சுவர், அடுப்பின் முகப்பு, சாமிபடத்துக்குக் கீழே என்று எல்லா இடத்திலும் ஒட்டுவார்களாம். திதூக்கோடு பார்த்தால் இது இளையது. ஆனாலும் பாட்டி இதைத்தான் தன் கைத்தொழில் என்று நினைத்தார். திதூக் கட்டுவது மகன் வேலை. பவூக் அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்தது, அந்த அம்மா வோலின் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவர். வித்தினான்கா மட்டும் யாரும் சொல்லித் தராமல் வந்தது.

திதூக்கைக் கடைசியில் என்ன செய்வார்கள் என்பதையும் எழுதிவிடுகிறேன். பண்டிகை நாட்கள் முடிந்ததும் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்ப் பழத்தோட்டத்தில் கொளுத்தினார்கள். பிள்ளைகள் நெருப்பைத் தாண்டினார்கள். சாம்பல் மரங்களின் அடியில் போயிற்று. கொளுத்தும் முன் பாட்டி கதிரிலிருந்து ஒரு கை மணியை உருவித் துணியில் முடிந்து வைத்துக்கொண்டார். வசந்தத்தில் விதைக்கும்போது விதையோடு அதையும் சேர்ப்பார்.

நிலவன் (விழுப்புரம்) · டிசம்பர் 5, காலை 7.50

ஒரு சந்தேகம். தில்லை அக்கா ஜனவரி 6 என்கிறார். இப்போது உக்ரைனில் டிசம்பர் 25 என்று செய்தியில் பார்த்தேனே? அப்புறம், கதிர், அறுவடை என்றெல்லாம் வருவதால் இது நம் பொங்கல் மாதிரிதானே?

சுப்பையா வாத்தியார் (மதுரை) · டிசம்பர் 5, காலை 9.15

இரண்டு தேதியும் சரி நிலவன். அவர் போனது பழைய ஜூலியன் நாட்காட்டிக் காலம். 2023 செப்டம்பர் 1 முதல் உக்ரைன் ஆர்த்தடாக்ஸ் திருச்சபையும் கிரேக்கக் கத்தோலிக்கத் திருச்சபையும் நாட்காட்டியை மாற்றிக்கொண்டன. ஜனவரி 7 விடுமுறையை டிசம்பர் 25க்கு மாற்றும் சட்டமும் அதே ஆண்டு ஜூலையில் வந்தது. மாஸ்கோவோடு ஒரே நாளில் கொண்டாட வேண்டாம் என்ற முடிவு. ஆகவே புனித மாலை இப்போது டிசம்பர் 24. புனித நிக்கோலஸ் நாள் 19இலிருந்து 6க்கு வந்துவிட்டது. பழைய தேதியை விடாமல் வைத்திருக்கிற வீடுகளும் உண்டு.

பொங்கல் பற்றி. கதிர் என்றதும் நமக்கு அப்படித் தோன்றுவது இயல்பு. ஆனால் அங்கே அறுவடை ஜூலையிலேயே முடிந்துவிடுகிறது. இது நட்டநடுக் குளிரில், வயல் பனிக்கு அடியில் கிடக்கும்போது நடப்பது. கோடையில் அறுத்த முதல் கட்டையோ கடைசிக் கட்டையோ தனியே எடுத்து ஐந்து மாதம் காத்து வைக்கிறார்கள். முன்னோர் அந்தக் கதிரில் வந்து தங்குவதாக நம்பிக்கை. விளைச்சலுக்கு நன்றி என்பதைவிட, இறந்தவர்களைக் குளிர்காலத்துக்கு வீட்டுக்கு அழைப்பது என்று சொன்னால் பொருந்தும். இதை இன்னொன்றோடு ஒப்பிட அவசரப்படாமல் அப்படியே பாருங்கள்.

பனிக்காலம் (கோவை) · டிசம்பர் 7, இரவு 8.20

அறைத்தோழனிடம் பேசினேன். இன்னும் கார்கிவில்தான் இருக்கிறான். கொள்ளுப்பாட்டி 2015இல் இறந்துவிட்டாராம்.

2022 டிசம்பரைப் பற்றிச் சொன்னான். அக்டோபரிலிருந்து மின் நிலையங்கள்மீது ஏவுகணை விழுந்துகொண்டிருந்த குளிர்காலம். ஊர் இருட்டு. கார்கிவில் நகர மரத்தைத் தெருவில் வைக்கவில்லை, தரைக்கடியில் மெட்ரோ நிலையத்துக்குள் வைத்தார்கள். கீவில் சோஃபியா சதுக்கத்தில் வைத்த மரத்துக்கு ஜெனரேட்டர் போட்டு விளக்கேற்றினார்கள், அதுவும் 12 மீட்டர்தான். அவன் வீட்டில் அன்று மின்சாரம் இல்லை, மரம் இருந்தும் விளக்குச் சரம் எரியவில்லை. அவனுடைய மனைவி பொல்தாவா பக்கம். அவள் அப்பாவிடம் சொல்லி ஒரு கட்டுக் கோதுமை வரவழைத்து, இணையத்தில் பார்த்துத் தானே திதூக் கட்டினாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அதை மரத்துக்குப் பக்கத்திலேயே நிறுத்தினார்கள். அவனுக்குத் தெரிந்து அவர்கள் குடும்பத்தில் முதல் திதூக் அதுதான். அன்றிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் வைக்கிறார்கள்.

கண்ணாடிப் பொம்மைப் பெட்டி என்னாயிற்று என்று கேட்டேன். பத்திரமாக இருக்கிறதாம். போன ஆண்டு அதில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது, கிளாவ்தியேவோ ஆலையில் வாயால் ஊதிக் கையால் வண்ணம் தீட்டியது. கீவுக்குப் பக்கத்தில் 1949இலிருந்து இருக்கிற ஆலை. பொம்மையின் வடிவம் கோதுமைக் கதிர்.

வாத்தியார் ஐயா, நீங்கள் எழுதிய ஐந்து கதிர் விஷயத்தை அவனிடம் சொன்னேன். தெரியும் என்றான். கொள்ளுப்பாட்டியின் அக்கா அந்த வயலுக்குப் போனவராம். அதற்குமேல் அவனும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

தில்லை (திருச்சி) · டிசம்பர் 19, இரவு 11.05

பவூக் தயார்.

ஒன்பதில் ஏழு துண்டு ஆவியில் பிழைத்துக்கொண்டது. மற்ற இரண்டும் உருட்டும்போது கீறிவிட்டன. ஆக மொத்தம் பத்தொன்பது புதுத் துண்டு. புதியவை வெளிர் மஞ்சள், பழையவை தேன் நிறம். பார்த்ததுமே தெரிகிறது. தேயிலைச் சாயத்தில் போட்டு ஒரே நிறமாக்கலாமா என்று யோசித்தேன்.

அதற்கு முன்பு பாபுசியாவை வைபரில் கூப்பிட்டேன். எண்பத்தாறு வயது. காது சரியாகக் கேட்கவில்லை, பேத்தி பக்கத்தில் இருந்து உரக்கச் சொன்னாள். பெட்டியில் நசுங்கிவிட்டது என்று சொல்லத் தயங்கினேன், ஆனாலும் சொல்லிவிட்டேன். கேமராவில் காட்டச் சொன்னார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, எதற்கு ஏழு வருஷத்துக்கு மேலாகப் பெட்டியில் வைத்திருந்தாய் என்று கேட்டார். அவர் வீட்டில் பவூக் ஓர் ஆண்டு தொங்கும், அடுத்த புனித மாலைக்குள் புதிதாகச் செய்துவிடுவார்கள், பழையது அடுப்புக்குப் போகும். நான் பத்திரப்படுத்தியதுதான் அவருக்குப் புரியவில்லை. நிறத்தை மாற்றாதே என்றார். புதுத் துண்டு எது என்று தெரிந்தால்தான் எது உன் கை, எது என் கை என்று பார்க்க முடியும் என்றார். பேத்தி இதைத் திருப்பிச் சொல்லும்போது அவள் குரல் கம்மியது.

கூடத்தில் மேசைக்கு நேர் மேலே மாட்டியிருக்கிறேன். மின்விசிறி போட்டால் தாறுமாறாகச் சுழல்கிறது, நூல் முறுக்கிக்கொள்கிறது. இங்கே அடுப்புச் சூடும் இல்லை. விசிறியை நிறுத்திவிட்டுச் சன்னலையும் சாத்தி, கீழே உட்கார்ந்து பார்த்தேன். முதலில் அசையவில்லை. ஐந்து நிமிடம் இருக்கும், மெல்லத் திரும்பத் தொடங்கியது.

மாலா அக்கா, அடுத்த ஆண்டுக்குப் புதிதாக ஒன்று நானே செய்ய வேண்டும். எத்தனை குழல் வாங்கி வைக்கட்டும்?

கைவேலை மாலா (சேலம்) · டிசம்பர் 20, காலை 6.40

பெரிய கூண்டு ஒன்று, உள்ளே ஒன்று, மூலைக்கு ஒன்றாக ஆறு. எட்டுக் கூண்டு, ஒன்றுக்குப் பன்னிரண்டு துண்டு. தொண்ணூற்றாறு துண்டு வேண்டும், வெட்டும்போது கீறுவதற்கும் சேர்த்து நூற்று முப்பது என்று வையுங்கள். வெயில் காலத்திலேயே வாங்கி வெட்டி வைத்துவிடுங்கள், மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். நூல் நான் அனுப்புகிறேன்.